வைத்தியர் பக்கம்: கோயிலுக்குக் கமரா பூட்டும்போது



வழமையாக இப்பக்கத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் வலி என்று எழுதி வருகிறேன். இம்முறை நோய் மனிதருடையதன்று. நமது கோயிலின் கண்காணிப்புக் கமராக்களுடையது. பழைய கமராக்களை அகற்றிப் புதியன பூட்டுவதற்கென நிருவாக சபை அமைத்த உபகுழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். நான் பொறியியலாளன் அல்லன். ஆயினும், ஆறு மாதமாக விலை மதிப்பீடுகளைப் படித்தும், பூட்ட வந்தவர்களுடன் ஏணியடியில் நின்றும் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்கு ஒப்புவிப்பது கடமை என்று நினைக்கிறேன். அதற்கு முன்பு, இக்குழு ஏன் அமைந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சிலருக்கு அது முழுவதும் தெரியும். பலருக்குப் பாதிதான் தெரியும். பாதி தெரிந்திருப்பதுதான் ஆபத்து.

நடந்தது இதுதான்

சென்ற நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் மறுநாள், மண்டபத்து மேசையில் இருக்கும் சிறிய அன்னதான உண்டியலைக் காணவில்லை. சபையார் பதிவுப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். வேட்டியும் கறுப்பு ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியுமாக ஒருவர் அந்த உண்டியலைத் தூக்கிக்கொண்டு போவது தெரிந்தது. கமரா மண்டபத்துக் கூரையோடு ஒட்டிப் பூட்டப்பட்டிருந்ததால் தொப்பிதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. படத்தின் மூலையில் நேரம் இரவு 9.10 என்றிருந்தது.

நமது கோயில் 8.30க்குச் சாத்தப்படும். அதன் பின் 9.30 வரை விளக்குகளைக் கழுவி, கூட்டித் துடைத்து, கதவைப் பூட்டிச் செல்பவர் ஒரே ஒரு மூத்த தொண்டர். அவரும் வேட்டி கட்டுபவர். குளிருக்குத் தொப்பி போடுபவர். ஒருவரும் பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. அன்றிரவே யாரோ அந்தத் திரையைக் கைத்தொலைபேசியாற் படம்பிடித்து அனுப்ப, அது மூன்று வாட்ஸப் குழுக்களைச் சுற்றி வந்துவிட்டது. கோயில் வாடகைப் பாடசாலை மண்டபத்தில் நடந்த காலந்தொட்டுத் தொண்டு செய்து வந்தவர், ஒரு வார்த்தை பேசாமல் திறப்பைக் காரியதரிசியின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள், அலுவலகத்துக்கு உதவிக்கு வரும் பல்கலைக்கழக மாணவி ஒருவர் அதே பதிவைத் தொடக்கத்திலிருந்து பார்த்துவிட்டு ஒன்றைக் கேட்டார்: "எங்கடை பூசை ஏழரைக்கெல்லோ? இதிலை ஏன் தீபாராதனை எட்டரைக்கு நடக்குது?" ஒக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறன்று நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியபோது, நமது பதிவுப் பெட்டியின் கடிகாரத்தை ஒருவரும் தொடவில்லை. ஆகவே 9.10 என்று காட்டியது உண்மையில் 8.10. அந்நேரம் மண்டபம் நிறைய அடியார்கள். பிறகு ஒவ்வொருவராக விசாரித்ததில், மறுநாட் காலையே கனடாவுக்குப் பயணமாகிவிட்ட ஒரு தொண்டர் தொலைபேசியிற் சொன்னார்: சனிக்கிழமைத் திருமணத்துக்கு மேசை வேண்டுமென்று, உண்டியலைத் தூக்கி மேல்மாடிக் களஞ்சிய அறையில் வைத்தவர் தாமே என்று. போய்ப் பார்த்தோம். மேசை விரிப்புகளுக்கு அடியிற் பூட்டுக் குலையாமல் இருந்தது.

தலைவரும் காரியதரிசியும் அப்பெரியவரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார்கள். தைப்பொங்கலன்று அவர் மீண்டும் கோயிலுக்கு வந்தார். திறப்பை மட்டும் அவர் திரும்ப வாங்கவில்லை. இதை எழுதலாமா என்று நான் அவரிடம் அனுமதி கேட்டபோது சொன்னார்: "எழுதுங்கோ டொக்டர். ஊரிலை தலையாட்டிக்கு முன்னாலை வரிசையிலை நின்ற ஆக்கள் நாங்கள். அங்கை சாக்குப் போட்ட ஆள் தலையாட்டினது. இஞ்சை பெட்டி ஆட்டினது." இளையோருக்காக ஒரு விளக்கம்: யுத்த காலச் சுற்றிவளைப்புகளில், முகத்தை மூடிய ஒருவர் முன்னிலையில் ஊரவரை வரிசையாக நடத்துவார்கள். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அவர்தான் தலையாட்டி.

கேள்வி முதலில், கமரா பிறகு

ஒரு நோயாளியை எக்ஸ்ரே எடுக்க அனுப்பும்போது, எதைத் தேடுகிறோம் என்று வைத்தியர் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். கேள்வி இல்லாத பரிசோதனை பயனற்றது. பல வேளைகளிற் கெடுதலும் செய்யும். கமராவும் அப்படியே. நம்மிடம் வந்த முதலாவது விலை மதிப்பீட்டில் 16 கமராக்கள் இருந்தன. ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று கேட்டுக்கொண்டு போனோம். எட்டுத்தான் மிஞ்சின.

கேள்விகள் மூன்று வகை. "அங்கே யாராவது நடமாடுகிறார்களா?" என்பது ஒன்று. "வந்தவர் நமக்குத் தெரிந்த இன்னாரா?" என்பது இரண்டாவது. "முன்பின் தெரியாத இவருடைய முகத்தைப் பொலிசாருக்குக் காட்ட முடியுமா?" என்பது மூன்றாவது. இவற்றுக்கு இத்துறையினர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு ஒன்றுண்டு. படத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு எத்தனை புள்ளிகள், அதாவது பிக்சல்கள், விழுகின்றன என்பதே அது. நடமாட்டம் அறிய 25 போதும். தெரிந்தவரை இன்னாரென்று அறிய 125 வேண்டும். தெரியாதவரின் முகத்தை அடையாளம் காண 250 வேண்டும்.

4 மெகாபிக்சல் கமரா ஒன்றின் படத்திற் குறுக்கே ஏறத்தாழ 2,560 புள்ளிகள் உள்ளன. அதை 250 ஆற் பிரித்தாற் 10 வரும். ஆகவே காட்சியின் அகலம் 10 மீற்றரைத் தாண்டும் தூரத்தில் அந்தக் கமரா முகத்தைத் தராது. பெட்டியோடு வழக்கமாக வரும் 2.8 மில்லிமீற்றர் லென்ஸ் ஏறத்தாழ 100 பாகை அகலத்தைப் பார்க்கும். நாலு மீற்றர் தூரத்திலேயே காட்சி 10 மீற்றரை நெருங்கிவிடும். அதற்கு அப்பால் நிற்பவர் யாரோ ஒருவர்தான். 6 மில்லிமீற்றர் லென்ஸ் ஏறத்தாழ 50 பாகைதான் பார்க்கும். ஆனால் 10 மீற்றர் தூரத்து முகத்தையும் தரும். அகலமாகப் பார்ப்பது வேறு, அடையாளம் காண்பது வேறு. விற்பவர் காட்டும் அகலமான அழகிய படத்தைக் கண்டு மயங்க வேண்டாம்.

பூட்டும் உயரம் அடுத்தது. முகம் வேண்டுமானால் வாசல்களில் இரண்டரை முதல் மூன்று மீற்றர் உயரத்திற் பூட்டுங்கள். கூரையோடு ஒட்டிப் பூட்டினால் வழுக்கையும் தொப்பியும்தான் கிடைக்கும். அதற்கு நாம் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும்.

கோயிலுக்கே உரிய மூன்று தொல்லைகள்

ஒன்று, சூரியன். நமது கோயில்களின் வாசல் கிழக்கு நோக்கியது. உள்ளேயிருந்து வாசலைப் பார்க்கும் கமராவுக்குக் காலைப் பூசை நேரத்தில் எதிரே வெயில். வருகிறவர்கள் எல்லாரும் கரிய நிழலுருவங்களாகத் தெரிவார்கள். வெளிச்சத்தையும் நிழலையும் ஒருங்கே சமாளிக்கும் வசதியுள்ள கமராவையே அங்கு வாங்க வேண்டும். விபரப் பட்டியலில் அதை டபிள்யூ.டி.ஆர். என்று குறிப்பிடுவார்கள். அதோடு கமராவை வாசலுக்கு நேரே வைக்காமற் சற்றுப் பக்கவாட்டில் வைப்பது நல்லது.

இரண்டு, புகை. கர்ப்பூரமும் சாம்பிராணியும் நெய்விளக்கும் லென்ஸின் மேல் மெல்லிய பிசுக்கைப் படிய வைக்கும். பகலில் அது தெரியாது. இரவிற் கமரா தன் அகச்சிவப்பு ஒளியை வீசும்போது, அந்த ஒளி பிசுக்கிலேயே பட்டுத் திரும்பிப் படம் முழுவதும் பனிமூட்டமாகும். அரைக்கோளக் கண்ணாடி மூடியுள்ள கமராக்களில் இத்தொல்லை கூடுதல். வெளியிலுள்ளவற்றில் இதே வேலையைச் சிலந்தி செய்யும். அகச்சிவப்பு ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். மென்மையான துணியால் மாதம் ஒருமுறை துடைப்பதைத் தவிர வேறு மருந்தில்லை.

மூன்று, இருள். மெகாபிக்சல் கூடினால் எல்லாம் கூடும் என்று எண்ணக்கூடாது. உணர்வியின் அளவு மாறாமற் புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால், ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும். பாதணி வைக்கும் மூலையில் ஒரு நல்ல மின்விளக்குப் போட்டதும் பழைய கமராவே தெளிவாகப் படம் காட்டியது. (பாதணி மாறிப் போவதற்குக் கள்வர் காரணமல்லர் என்பதும் அத்தோடு தெளிவாயிற்று.)

வயரும் பெட்டியும்

கம்பியில்லாக் கமரா பூட்டுவதற்கு இலகு, வீட்டுக்குப் பரவாயில்லை. ஆனால் பற்றரியில் இயங்குபவை அசைவு கண்ட பின்னரே விழித்தெழும். முதற் சில விநாடிகள் தவறிப்போகலாம். கோயிலுக்கு வலையமைப்புக் கேபிள் இழுப்பதே சிறந்தது. அந்த ஒரே கேபிள் 100 மீற்றர் தூரம் வரை மின்சாரத்தையும் படத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். இவ்வகைக் கமராக்களின் பதிவுப் பெட்டிக்கு என்.வி.ஆர். என்று பெயர். பழைய தொலைக்காட்சிக் கேபிள் போன்றது ஏற்கெனவே சுவருக்குள் இருந்தால், அதற்குரிய டி.வி.ஆர். பெட்டியை வாங்கிச் செலவைக் குறைக்கலாம். பழைய தேவாலயக் கட்டடங்களிற் கோயில் நடத்தும் சபைகள், அக்கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, அனுமதி பெற்ற பின்பே சுவரிற் துளையிட வேண்டும்.

சேமிப்புக் கணக்கை நீங்களே போடலாம். ஒரு கமரா விநாடிக்கு 4 மெகாபிற் வீதம் இடைவிடாது பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 43 கிகாபைட். எட்டுக் கமராக்களுக்கு 30 நாளைக்கு 10 டெராபைட்டுக்குச் சற்று மேல். எச்.265 என்னும் சுருக்க முறையில் அது ஏறத்தாழப் பாதியாகும். வன்தட்டு, கண்காணிப்புக்கென்றே செய்யப்பட்டதாக இருக்கட்டும். சாதாரணக் கணினித் தட்டு இரவு பகலாக எழுதும் வேலைக்கு ஆக்கப்பட்டதன்று.

பெட்டியை அலுவலக மேசைக்கு அடியில் வைக்காதீர்கள். வந்த கள்வன் அதையும் தூக்கிக்கொண்டு போனால் எல்லாம் வீண். காற்றோட்டமுள்ள, பூட்டக்கூடிய அலுமாரி வேண்டும். சிறிது நேரம் மின்சாரம் நின்றாலும் தாங்கும் பற்றரிப் பெட்டி ஒன்றும் வேண்டும்.

கடிகாரம்

ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் இரத்தக் குழாயிற் பெயர் மாறி ஒட்டப்பட்டிருந்தால், அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் விடுவதே மேல். ஒருவரின் நோய் மற்றவர் தலையில் விழும். படத்தின் மூலையிலுள்ள நேரமும் அத்தகைய ஓர் ஒட்டுச்சீட்டே. புதிய பெட்டியில், இணையத்தின் மூலம் நேரத்தைத் தானே சரிசெய்யும் ஏற்பாட்டையும், கோடைகால நேர மாற்றத்தையும் இயக்கி வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும் மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று ஒருவர் கண்ணாற் பார்த்துக் குறிப்புப் புத்தகத்தில் ஒப்பமிட வேண்டும் என்று சபை தீர்மானித்துள்ளது.

கடவுச்சொல்

2016ஆம் ஆண்டு மிராய் என்னும் தீய மென்பொருள், உலகெங்கும் இலட்சக்கணக்கான கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிற இணையக் கருவிகளையும் கைப்பற்றியது. அதற்குப் பெரிய சூழ்ச்சி ஒன்றும் தேவைப்படவில்லை; உற்பத்தியாளர் போட்டு அனுப்பிய கடவுச்சொற்களை உரிமையாளர்கள் மாற்றாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவே. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அக்கருவிகளைக் கொண்டு நடத்திய தாக்குதலில் டுவிட்டர், நெற்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குக் கிடைக்காமற் போயின.

2024 ஏப்ரல் 29 முதல் இந்நாட்டுச் சட்டம், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லுடன் இத்தகைய கருவிகளை விற்பதைத் தடைசெய்கிறது. பாதுகாப்பு இற்றைப்படுத்தல் எத்தனை காலத்துக்குக் கிடைக்கும் என்பதையும் உற்பத்தியாளர் அறிவிக்க வேண்டும். வாங்குமுன் அந்தக் காலத்தைக் கேளுங்கள். மலிவென்று பழைய பெட்டியை வாங்காதீர்கள். "ஓம்முருகா123" என்பதும் கடவுச்சொல் ஆகாது. ஊரெல்லாம் அதைத்தான் முதலில் முயன்று பார்க்கும்.

யார் பார்க்கலாம்?

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. குற்றத்தைத் தடுக்கக் கமரா வைத்திருக்கும் சபை, அறநிலையமாக இருந்தாலும், தகவற் பாதுகாப்புக்கான வருடாந்தக் கட்டணம் செலுத்த வேண்டும். கமரா உண்டு, அதை நடத்துவது யார், எதற்காக என்ற அறிவித்தல் வாசலில் இருக்க வேண்டும். ஒருவர் தம்முடைய பதிவைக் கேட்டால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதில் மற்றவர்களுடைய முகங்களைப் பாதுகாப்பதும் நமது பொறுப்பு. எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று சட்டம் எண் குறிக்கவில்லை; தேவைக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்கிறது. நாம் 30 நாள் என்று வகுத்துள்ளோம். அதன் பின் தானாக அழியும். களவு நடந்தாற் பொலிசாருக்கு வேண்டிய பகுதியை அதற்குமுன் பிரதி எடுத்துவிட வேண்டும். எடுக்கும் விதத்தை இருவர் பழகி வைத்திருக்கிறார்கள்.

மூலஸ்தானத்தை நோக்கிக் கமரா இல்லை. உடை மாற்றும் அறையிலும் கழிப்பறைப் பக்கத்திலும் பிள்ளைகளின் வகுப்பறையிலும் இல்லை. ஒலிப்பதிவும் இல்லை. சந்நிதியில் வந்து கண்ணீர் விடுகிறவர் நம்மை நம்பி வரவில்லை, இறைவனை நம்பி வருகிறார். அது பதியப்பட வேண்டியதன்று. பதிவைப் பார்க்க அனுமதி இருவருக்கு மட்டும். இருவரும் சேர்ந்தே பார்க்க வேண்டும். பார்த்த நாளும் காரணமும் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். திரையைக் கைத்தொலைபேசியிற் படம்பிடிப்பவர் எவராயினும் பொறுப்பிலிருந்து விலக வேண்டும். இதை வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு விண்ணப்பம்: அத்தகைய படம் உங்களுக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். நவம்பரில் நானும் அதைப் பெற்றேன். அனுப்பவில்லை, ஆனால் அனுப்பியவரைத் தடுக்கவும் இல்லை. அது என் குற்றம்.

வீட்டுக்கு

நம்மவர் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது கள்வருக்குத் தெரியும். ஆனாற் கமரா கள்வனைப் பிடித்து வைக்காது. முதலிற் கதவுக்கு நல்ல பூட்டு, பிறகு வெளிச்சம், மூன்றாவதுதான் கமரா. நகை வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். அழைப்புமணிக் கமராவை உங்கள் வாசலுக்கு மட்டும் திருப்பி வையுங்கள். 2021இல் ஒக்ஸ்ஃபோர்ட் கவுண்டி நீதிமன்றத்தில், அயலவரின் கமராக்கள் குறித்து ஒரு பெண் தொடுத்த வழக்கு அவருக்குச் சார்பாக முடிந்தது. படத்தைக் காட்டிலும், தொலைவிற் பேசுவதையும் பிடிக்கும் ஒலிப்பதிவையே நீதிபதி கூடுதலாகக் கண்டித்தார். ஆகவே ஒலியை நிறுத்தி வைப்பது நல்லது.

மாதம் ஒருமுறை

புதிய கமராக்கள் பூட்டி முடிந்ததும் பகலில் ஒரு தடவையும் இரவில் ஒரு தடவையும் சோதனை நடை நடத்தினோம். ஒருவர் வாசலால் வந்து மண்டபத்தைக் கடந்து போவார். அவரை அறியாத ஒருவர் திரையைப் பார்த்து, பிறகு நாலைந்து பேர் நடுவில் அவரைக் காட்ட வேண்டும். நடப்பதற்கு முன்வந்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அதே பெரியவர்தான், அதே கறுப்பு ஜக்கெற், அதே கம்பளித் தொப்பி. இரு தடவையும் முகம் தெளிவாகத் தெரிந்தது.

ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை செய்ய வேண்டியவை ஐந்து: கடிகாரத்தைச் சரிபார்த்தல், எட்டுப் படமும் வருகின்றனவா என்று பார்த்தல், 30 நாளைக்கு முந்திய பதிவு உண்மையில் இருக்கின்றதா என்று ஓட்டிப் பார்த்தல், லென்ஸ் துடைத்தல், மென்பொருள் இற்றைப்படுத்தல். அரை மணித்தியாலம் போதும். இதற்கு இன்னும் இரண்டு தொண்டர்கள் தேவை. விரும்புவோர் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கவும். கமரா அறிவு தேவையில்லை, பொறுமை போதும்.

அடுத்த இதழில் வழமைபோல் முழங்கால் வலிக்குத் திரும்புவோம். எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் நமக்குத் தெளிந்த பார்வையையும், பார்த்ததை உடனே நம்பிவிடாத நிதானத்தையும் தந்தருள்வாராக.